தேங்காயும் சர்க்கரையும்: இல்லத்துச் சமையலுக்கு ஏற்றது எது?

(கூட்டுறவு ஆய்வாளர் ஒருவர் எழுதுவது)

சங்கங்களின் கணக்குப் புத்தகங்களைப் பிரித்து, வரவு எது, பற்று எது, இருப்பு எது என்று கேட்பது என் உத்தியோகம். வரிக்கு வரி படிக்காமல் எந்தத் தாளிலும் ஒப்பமிடலாகாது என்று காரியதரிசிகளுக்கு நான் உபதேசம் செய்வதும் உண்டு. அத்தகைய நான், ஒரு சிறு பொட்டலத்தின் மேல் அச்சிட்டிருந்த நான்கு வரிகளைப் படிக்காமல் வாங்கிச் சென்று, வீட்டில் தலைகுனிய நேர்ந்த கதையை அங்கத்தினர்களுக்கு முதலிற் சொல்லிவிடுகிறேன்.

ஓசூர்ப் பக்கத்தில் ஒரு சங்கத்தின் தணிக்கையை முடித்துக்கொண்டு, மாலையில் கிருஷ்ணகிரிக்குத் திரும்பிக்கொண்டிருந்தேன். வீட்டில் தேங்காய் தீர்ந்துவிட்டது, இரவு சப்பாத்திக்குக் குருமா வைக்க வேண்டும், துருவி உலர்த்திய தேங்காய்ப் பொட்டலம் ஒன்று வாங்கி வாருங்கள் என்று என் மனைவி தொலைபேசியிற் சொல்லியிருந்தார். ஓசூரிலேயே ஒரு பெரிய கடையில் நுழைந்தேன். வெள்ளை வெளேரென்ற தேங்காய் இழைகள் நிறைந்த அழகான உறை ஒன்று கண்ணிற் பட்டது. எடுத்தேன், பணம் கொடுத்தேன், பேருந்தைப் பிடித்தேன்.

என் தாயார் பத்து ஆண்டுகளுக்கு மேலாக நீரிழிவு நோய்க்கு மருந்து உண்டு வருபவர். அன்றிரவு குருமாவைத் தொட்டு ஒரு வாய் உண்டதும் சற்றே நிறுத்தினார். மருமகள் மனம் நோகக் கூடாது என்று கருதி, “நன்றாகத்தான் இருக்கிறதம்மா, கொஞ்சம் தித்திப்பாக இருக்கிறது” என்று மட்டும் சொன்னார். மீதியையும் உண்டு முடித்தார். என் மனைவி எழுந்து போய்ப் பொட்டலத்தை எடுத்து வந்து, விளக்கடியில் வைத்துப் படித்தார். தேங்காய்க்கு அடுத்தபடியாகச் சர்க்கரை என்று அதில் அச்சிட்டிருந்தது. “ஊராருக்கெல்லாம் கணக்குப் பார்க்கிறீர்களே, இதைப் பார்க்கவில்லையா?” என்றார். என்னிடம் விடையில்லை. கடைக்காரர் மீது குற்றமில்லை. உறை பொய் சொல்லவில்லை. படிக்காதவன் நானே.

அன்று முதல் இப்பொருளைக் குறித்துப் படித்தும் விசாரித்தும் அறிந்தவற்றை, என்னைப்போல் பிறரும் ஏமாறாதிருக்கும் பொருட்டு இங்கே எழுதுகிறேன்.

தென்னையுள்ள ஊரில் பொட்டலம் எதற்கு?

காவேரிப்பட்டணம், போச்சம்பள்ளி, பர்கூர்ப் பக்கங்களில் தென்னை வளர்க்கும் அங்கத்தினர்கள் இக்கேள்வியைக் கேட்பர். கேள்வி நியாயமானதே. தோட்டத்துக் காயை உடைத்துத் துருவுகிறவர்களுக்கு அதனினும் சிறந்த பண்டம் வேறில்லை. அத்துருவலில் இயற்கை வைத்த மெல்லிய இனிப்பைத் தவிர வேறொன்றும் கலப்பதில்லை.

ஆனால் நம் வட்டாரத்தின் வாழ்க்கை மாறியிருக்கிறது. 1970களில் சிப்காட் தொழிற்பேட்டை ஏற்பட்டதிலிருந்து ஓசூர் பெருந்தொழில் நகரமாக வளர்ந்துவிட்டது. கணவனும் மனைவியும் வெவ்வேறு ஷிப்டுகளில் வேலைக்குச் செல்லும் குடும்பங்கள் பல. வாடகை அறையில் தங்கிச் சமைத்துண்ணும் இளைஞர்கள் பலர். நெசவாளர் இல்லங்களிலும் அவசர ஆர்டர் வந்துவிட்டால், தறியை விட்டு எழுந்து தேங்காய் துருவ நேரம் இருப்பதில்லை. இவர்களுக்குத் துருவி உலர்த்திய தேங்காய் ஓர் உதவி. அதை வாங்குவது குற்றமன்று, எதை வாங்குகிறோம் என்று அறியாமல் வாங்குவதே குற்றம்.

உலர்ந்த தேங்காய் நமக்குப் புதிதும் அன்று. எல்லைக்கு அப்பால் கருநாடகத்துத் திப்தூர், கொப்பரைச் சந்தைக்குப் பெயர் பெற்ற ஊர். காயை உடைக்காமல் பல மாதங்கள் பரணில் வைத்து, உள்ளேயே பருப்பு உலர்ந்து கழன்றபின் எடுக்கும் உருண்டைக் கொப்பரை அங்கே புகழ் வாய்ந்தது. ஓசூர், தேன்கனிக்கோட்டைப் பக்கங்களில் கன்னடமும் தெலுங்கும் பேசும் நம் அங்கத்தினர் வீடுகளில் இதனைக் கொப்பரி என்பர். சங்கராந்தியன்று எள்ளும் வெல்லமும் வேர்க்கடலையும் பொட்டுக்கடலையும் கொப்பரித் துண்டும் கலந்து அண்டை அயலாருக்கு வழங்குவது அவர்கள் வழக்கம். இதில் ஒன்றைக் கவனிக்க வேண்டும். அங்கே தேங்காய் தனியாக வருகிறது, வெல்லம் தனியாக வருகிறது. எவ்வளவு வெல்லம் என்பதைக் கலக்கும் கையே தீர்மானிக்கிறது. நான் சொல்லப்போகும் கருத்து முழுவதும் இதில் அடங்கியிருக்கிறது.

இருவகைப் பண்டங்கள்

கடைகளில் ‘டெசிகேட்டட் கோகனட்’ என்றும் தேங்காய்ப் பவுடர் என்றும் வழங்கும் பண்டத்தை உலர்துருவல் என்று சொல்லலாம். முற்றிய காயின் ஓட்டையும், பருப்பின் மேலுள்ள பழுப்புத் தோலையும் நீக்கி, கழுவி, வெந்நீரிலோ ஆவியிலோ காட்டி, பொடியாக அரைத்து, வெப்பக் காற்றில் உலர்த்துவார்கள். பச்சைத் தேங்காய்ப் பருப்பில் ஏறத்தாழப் பாதி நீர். உலர்துருவலில் நூற்றுக்கு மூன்று பங்கு அளவே நீர் மிஞ்சும். வேறெதுவும் சேர்க்காவிடில் இது இனிப்பிடாத பண்டம். ஓசூர், பெங்களூர்ப் பேக்கரிகளில் தேன்கேக்கின் மேல் தூவியிருக்கும் வெண்பொடி இதுவே.

இனிப்பிட்ட இழைத் தேங்காய் வேறொரு பண்டம். அதன் பிறப்பிடம் அமெரிக்கா. 1890களில் பிலடெல்பியா நகரத்து மாவு ஆலைக்காரர் பிராங்க்ளின் பேக்கர் என்பவருக்கு, அனுப்பிய மாவுக்கு விலையாகக் கியூபாவிலிருந்து ஒரு கப்பல் தேங்காய் வந்து சேர்ந்தது. காய்களை விற்க இயலாமற் போகவே, அவற்றைத் துருவி உலர்த்தி விற்கும் தொழிலைத் தொடங்கினார். அந்நாட்டுப் பெண்மணிகள் தேங்காயைக் குழம்புக்கு அரைப்பதில்லை. கேக்கிலும் பலகாரத்திலுமே சேர்த்தார்கள். ஆகவே சர்க்கரையோடு சேர்ந்த தேங்காய் அவர்களுக்கு வசதியாயிற்று. சர்க்கரை ஈரத்தைப் பிடித்து வைப்பதால் இழைகள் மென்மையாகவும் இருக்கும். அவர்கள் சமையலுக்காகப் பிறந்த அப்பண்டம், இன்று அதே வெண்மையோடு நம் கடைத் தட்டில் உலர்துருவலுக்குப் பக்கத்தில் அமர்ந்திருக்கிறது. எனக்கு நேர்ந்த இடர் அங்கேதான் தொடங்கிற்று.

தேங்காய்ப் பாலிலும் இவ்வேற்றுமை உண்டு. டப்பாவில் அடைத்த கெட்டிப் பால் பெரும்பாலும் இனிப்பிடாதது. ‘கோகனட் க்ரீம்’ என்பது அதனினும் கெட்டியான பால். ஆனால் ‘க்ரீம் ஆப் கோகனட்’ என்று வழங்குவது, பானங்களுக்காகச் சர்க்கரை மிகுதியாகச் சேர்த்த பாகு போன்ற பொருள். சொற்கள் இடம் மாறினால் பண்டமே மாறிவிடுகிறது. தேங்காய்ப்பால் பவுடர்களில் மால்ட்டோடெக்ஸ்ட்ரின் என்னும் மாவுப்பொருள் சேர்ப்பதும் வழக்கம். அது நாவிற்கு அவ்வளவு இனிக்காது. எனினும் வயிற்றிற் சென்றதும் விரைவில் சர்க்கரையாகிவிடும்.

கணக்குப் பார்ப்போம்

இனி என் தொழிலுக்குரிய வழியில் இதனைக் கணக்கிட்டுப் பார்ப்போம்.

இனிப்பிடாத உலர்துருவல் 100 கிராமில் கொழுப்பு ஏறத்தாழ 65 கிராம். இயற்கையான சர்க்கரை 7 கிராம் அளவு. இனிப்பிட்ட இழைத் தேங்காய் 100 கிராமில் கொழுப்பு ஏறத்தாழ 35 கிராமே. சர்க்கரையோ 40 கிராமை ஒட்டியிருக்கும். இவ்விரண்டையும் ஒப்பிட்டால் உறைக்குள் இருப்பது என்ன என்பது விளங்கிவிடும். இனிப்பிட்ட பண்டம் 100 கிராம் என்பது, தோராயமாக 55 கிராம் உலர்துருவலும் 35 கிராம் சர்க்கரையும் 10 கிராம் நீரும் சேர்ந்த கலவை. தயாரிப்புக்குத் தயாரிப்பு இது சற்றே மாறும்.

அதாவது, தேங்காய் என்று எண்ணி நாம் கொடுக்கும் பணத்தில் ஏறத்தாழப் பாதி சர்க்கரைக்கும் நீருக்கும் போகிறது. ஒரு கிலோ சர்க்கரையின் விலை, ஒரு கிலோ உலர்துருவலின் விலையில் ஒரு சிறு பகுதியே. நெசவாள அங்கத்தினர்களுக்கு இதை விரித்துச் சொல்லத் தேவையில்லை. கஞ்சியை மிகுதியாக ஏற்றிய துணி கையில் கனமாகத்தான் இருக்கும். முதல் சலவையில் கஞ்சி போனபின், நூலின் விலைக்குக் கஞ்சியை வாங்கினோம் என்பது தெரியும்.

இனி உடல்நலக் கணக்கு. நால்வர் உண்ணும் குருமாவுக்கு அரை மூடி அல்லது ஒரு மூடித் தேங்காய் அரைப்பது வழக்கம். அதற்கீடாக 50 கிராம் இனிப்பிட்ட பண்டத்தைப் போட்டால், ஏறத்தாழ நான்கு தேக்கரண்டிச் சர்க்கரை குருமாவிற் சேர்கிறது. உணவில் சேர்க்கும் சர்க்கரையானது ஒருநாள் உணவின் மொத்தச் சக்தியில் நூற்றுக்குப் பத்துப் பங்குக்குக் கீழ் இருக்க வேண்டும் என்றும், ஐந்து பங்குக்குக் கீழ் இருப்பின் மேலும் நன்று என்றும் உலக சுகாதார நிறுவனம் 2015ஆம் ஆண்டில் அறிவுறுத்தியது. 2,000 கலோரி உண்ணும் ஒருவருக்கு இவை முறையே 50 கிராமும் 25 கிராமும் ஆகும். காப்பியிலும் பலகாரத்திலும் சேர்வது போதாதென்று, காரக் குழம்பிலும் நாம் அறியாமல் சர்க்கரை சேர வேண்டுமா?

இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் குழு நடத்திய ஆய்வின் முடிவு 2023இல் வெளியாயிற்று. இந்நாட்டில் பத்துக் கோடிக்கு மேற்பட்டோர் நீரிழிவு உடையவர்கள் என்று அது கூறுகிறது. நாள் முழுவதும் தறிக்குழியில் அமர்ந்து வேலை செய்யும் நம் நெசவாளப் பெரியவர்கள் நடையும் உலாவலும் குறைந்தவர்கள். அவர்கள் இல்லத்தில் இவ்விஷயம் அலட்சியம் செய்யத்தக்கதன்று.

மறுபக்கத்தையும் சொல்லிவிடுதல் நேர்மை. இனிப்பிடாதது என்பதனால் அளவின்றி உண்ணலாம் என்பதில்லை. 100 கிராம் உலர்துருவலில் 650 கலோரிக்கு மேல் சக்தி உண்டு. அதன் கொழுப்பில் பெரும்பகுதி நிறைவுற்ற கொழுப்பு. உலர்ந்து சிறுத்துவிட்டதால் ஒரு கைப்பிடி என்பது நாம் எண்ணுவதினும் மிகுதி. அளவறிந்து போடுதல் எதற்கும் நன்று.

எந்தச் சமையலுக்கு எது?

சட்டினி, கூட்டு, பொரியல், குழம்பு, குருமா, அவரைக்காய்ச் சாறு ஆகிய அனைத்துக்கும் இனிப்பிடாத பண்டமே ஏற்றது. இதில் விலக்கே இல்லை. இனிப்பிட்ட தேங்காயை வாணலியில் வறுத்தாலும் சர்க்கரை முதலிற் கருகி அடிபிடிக்கும். மிளகாயும் புளியும் கூட்டி அந்த இனிப்பை மறைக்க முயல்வது, பிழையான கணக்கை அடித்து எழுதுவது போன்றது. அடித்த இடம் தெரியத்தான் செய்யும்.

பச்சைத் துருவலுக்கு ஈடாக உலர்துருவலைப் பயன்படுத்தும் முறை எளிது. 55 கிராம் உலர்துருவலில் 45 மில்லி வெதுவெதுப்பான நீரைத் தெளித்து, கால்மணி நேரம் மூடி வைத்தால், ஏறத்தாழ 100 கிராம் பச்சைத் துருவலுக்குச் சமமாகும். அரைத்துவிடும் குழம்பானால் ஊறவைக்காமலே வெந்நீர் விட்டு அரைக்கலாம். பச்சைத் தேங்காயின் மணம் முழுவதும் வந்துவிடும் என்று நான் சொல்லவில்லை. குழம்பு குழம்பாக இருக்கும் என்று உறுதி சொல்கிறேன்.

இனிப்புப் பண்டங்களுக்கு எது? இங்கேதான் பலர், இனிப்புக்கு இனிப்பிட்டதே பொருந்தும் என்று எண்ணிவிடுகின்றனர். காய் ஒப்பட்டுப் பூரணத்துக்கு வெல்லமும் தேங்காயும் இன்ன விகிதம் என்று ஒவ்வொரு வீட்டிலும் ஓர் அளவு உண்டு. ராகிப் புட்டுக்கு ஒருவர் வெல்லத்தை மிகுதியாகவும் மற்றொருவர் குறைவாகவும் சேர்ப்பர். முன்னரே சர்க்கரை ஏறிய தேங்காயைப் போட்டால் அவ்வளவு குலைந்துவிடும். வெல்லத்தின் சுவையும் அடங்கிவிடும். வெள்ளை நூலை எச்சாயத்தில் வேண்டுமானாலும் தோய்க்கலாம், சிவப்புத் தோய்ந்த நூலை மஞ்சளாக்க இயலாது. இனிப்பிடாத தேங்காயை வேண்டும்போது இனிப்பாக்கலாம். இனிப்பிட்டதிலிருந்து சர்க்கரையைப் பிரித்தெடுக்க எந்த இல்லத்தரசியாலும் இயலாது.

அயல்நாட்டுக் கேக் முறைகளில் இனிப்பிட்ட தேங்காய் 100 கிராம் என்று கண்டிருந்தால், மேற்சொன்ன கணக்கைத் திருப்பிப் போட்டுக்கொள்ளலாம். 55 கிராம் உலர்துருவல், 35 கிராம் சர்க்கரை, இரண்டு தேக்கரண்டி வெந்நீர் ஆகியவற்றைக் கலந்து அரைமணி நேரம் மூடிவைத்தால் போதும். சர்க்கரையை 25 கிராமாகக் குறைத்தாலும் கேக் கெட்டுவிடாது. குறைக்கும் உரிமை அப்போது நம்மிடம் இருக்கிறது.

அப்படியானால் இனிப்பிட்ட பண்டத்துக்கு இடமே இல்லையா? உண்டு. அடிக்கடி கேக் செய்து மேலே தூவுவோருக்கும், சிறு பேக்கரி நடத்துவோருக்கும் அது நேரத்தை மிச்சப்படுத்தும். தேங்காய்ச் சிப்ஸ் என்னும் பண்டமும் இனிப்போடு பிறப்பதே. மெல்லிய சீவல்களைச் சர்க்கரைப் பாகில் ஊறவைத்தால், பாகு நீரை இழுத்துக்கொள்ளும். பின்னர் உலர்த்துவது எளிது. காசர்கோட்டிலுள்ள மத்தியத் தோட்டப்பயிர் ஆராய்ச்சி நிலையம் இம்முறையைத் தென்னை விவசாயிகளுக்குக் கற்பித்து வருகிறது. இது கொறிக்கும் பண்டம், சமையலுக்கு உரியதன்று. பலகாரத்தைப் பலகாரம் என்று அறிந்து உண்பதில் ஏமாற்றம் இல்லை.

உறையைப் படிக்கும் முறை

பொட்டலத்தின் முன்புறத்தை விட்டுப் பின்புறத்தைத் திருப்புங்கள். உணவுப் பொருட்களின் உறையில் சேர்மானங்களை எடையில் மிகுந்தது முதலாகக் குறைந்தது ஈறாக வரிசைப்படுத்தி அச்சிட வேண்டும் என்பது சட்டம். தேங்காய் என்ற ஒரே சொல் இருந்தால் அது இனிப்பிடாதது. இரண்டாவதாகச் சர்க்கரை, குளுக்கோஸ் சிரப், டெக்ஸ்ட்ரோஸ் என்று கண்டால் அது இனிப்பிட்டது. பெயர் வேறானாலும் வேலை ஒன்றே.

அடுத்து, சத்து அட்டவணையில் சர்க்கரைக்கு இரண்டு வரிகள் உண்டு. ஒன்று மொத்தச் சர்க்கரை, மற்றொன்று சேர்க்கப்பட்ட சர்க்கரை. தேங்காய்க்கு இயற்கையிலேயே சிறிது சர்க்கரை இருப்பதால், மொத்தச் சர்க்கரை 7 கிராம் என்று கண்டு அஞ்ச வேண்டியதில்லை. இரண்டாம் வரியில் பூஜ்யம் இருக்கிறதா என்று பாருங்கள். 2020ஆம் ஆண்டின் உறைக்குறிப்பு விதிகள் இவ்விரு வரிகளையும் தனித்தனியே கேட்கின்றன.

வெண்மை கெடாதிருக்கச் சல்பைட்டு என்னும் கந்தகப் பொருளைச் சிலர் சேர்ப்பதுண்டு. ஆஸ்துமா உடையோரில் சிலருக்கு அது ஒவ்வாது. அவர்கள் அவ்வரியையும் படிக்க வேண்டும். உறையை நீக்கியபின் ஒரு சிட்டிகை எடுத்து விரலிடைத் தேய்த்துப் பாருங்கள். நல்ல உலர்துருவல் உதிரியாக விழும். சர்க்கரை ஏறியது பிசுபிசுத்து ஒட்டும். காறல் வாடை வீசினால் கொழுப்புக் கெட்டுவிட்டது என்று பொருள். மீதியை ஈரம் புகாத டப்பாவில் மூடி, வெயில் படாத இடத்தில் வைத்துக்கொள்ள வேண்டும்.

சங்கங்கள் செய்யத்தக்கது

இங்கிலாந்தில் ராச்டேல் என்னும் நெசவு ஊரில், 1844ஆம் ஆண்டு டிசம்பர் மாதத்தில் 28 உழைப்பாளிகள் சேர்ந்து ஒரு சிறு கடை திறந்தார்கள். அவர்களிற் பலர் நெசவாளர்கள். முதலில் விற்ற சரக்குகளில் மாவும் வெண்ணெயும் சர்க்கரையும் இருந்தன. கலப்பற்ற பண்டம், குறையாத நிறை என்பதே அவர்கள் கொண்ட நெறி. அக்காலத்துக் கடைகளில் மாவில் கலப்படம் மலிந்திருந்ததை அனுபவித்தவர்கள் அவர்கள். அந்த மரபில் வந்தவையே நம் பண்டகசாலைகள்.

இனிப்பிட்ட தேங்காய் கலப்படமன்று. சட்டப்படி விற்கும் பண்டமே. எனினும் எது எது என்று தெரியும்படி விற்பது கூட்டுறவுக் கடையின் கடமை. பண்டகசாலை நடத்தும் சங்கங்களுக்கு மூன்று யோசனைகளைக் கூற விரும்புகிறேன். இருவகைப் பண்டங்களையும் ஒரே தட்டில் அடுக்காமல், இனிப்பிட்டதைப் பலகாரச் சாமான்களோடு வைக்கலாம். தட்டின் மேல் ‘சர்க்கரை சேர்த்தது’, ‘சர்க்கரை சேராதது’ என்று பெரிய தமிழ் எழுத்தில் எழுதி ஒட்டலாம். கொள்முதல் பட்டியலில் வெறுமனே தேங்காய்த்துருவல் என்று எழுதாமல் வகையையும் குறிக்கலாம். இம்மூன்றுக்கும் அதிகச் செலவு ஆகாது.

தென்னை வளர்க்கும் அங்கத்தினர்க்கும் இதில் நலம் உண்டு. ஒரு பொட்டலத்தில் மூன்றில் ஒரு பங்கு சர்க்கரையானால், அந்த அளவுக்குத் தேங்காயின் தேவை குறைகிறது. இல்லங்கள் இனிப்பிடாததை விரும்பிக் கேட்கத் தொடங்கினால், உறை முழுவதும் தேங்காயாகவே நிறையும். மாம்பழக் கூழ் ஆலைகள் மிகுந்த நம் மாவட்டத்தில், சர்க்கரை சேர்த்த கூழ், சேராத கூழ் என்ற இருவகை வேற்றுமை மா விவசாயிகளுக்குப் பழக்கமானதே. தேங்காய்க்கும் அதே தெளிவு வர வேண்டும் என்பதே என் விருப்பம்.

என் வீட்டில் இப்போது ஒரு புது ஏற்பாடு. கடையிலிருந்து எப்பொட்டலம் வந்தாலும், அடுப்படிக்குப் போகுமுன் என் தாயார் அதை வாங்கிக்கொள்கிறார். மூக்குக்கண்ணாடியை அணிந்து பின்புறத்தைத் திருப்பி, வரிக்கு வரி படித்துப் பார்த்தபின்பே மருமகளிடம் கொடுக்கிறார். எங்கள் இல்லத்தின் தணிக்கை அதிகாரி இன்று அவரே. அங்கத்தினர்கள் ஒவ்வொருவர் இல்லத்திலும் இத்தகைய அதிகாரி ஒருவர் இருப்பாராக.